இயற்கை என்னும் பெயரால்!

"இயற்கை மூலிகைப் பிழிவு! குருதிக் கொழுப்பை அடியோடு கரைக்கும்! பின்விளைவு எள்ளளவும் இல்லை!" இவ்வாறு கூவி விற்கப்படும் புட்டிகள் இன்று கடைதோறும் அடுக்கப்பட்டுள்ளன. முன்னோர் கண்ட மருந்து என்ற ஒரு சொல் கேட்டதும் நம்மவர், கேட்க வேண்டிய கேள்வியை மறந்து காசை எடுத்து நீட்டுகின்றனர். நாம் கேட்கின்றோம்: மண்ணில் முளைத்தது என்பதாலேயே ஒன்று மருந்தாகிவிடுமா? எட்டியும் அரளியும் மண்ணில் முளைத்தவை அல்லவா?

குக்குலு என்னும் பிசினின் வரலாற்றைப் பாருங்கள். அது வடமேற்கு இந்தியாவின் வறண்ட நிலத்து முள்மரம் ஒன்றிலிருந்து வடிவது. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல், உடற்கொழுப்பு மிகுதிக்கு அதனைக் கூறுகின்றது. அக்கூற்றை வாளா நம்பிவிடாமல், சத்தியவதி என்னும் அறிஞர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொடுத்து ஆய்ந்து, 1966-இல் தம் ஆய்வேட்டை அளித்தார். முயல்களின் குருதிக் கொழுப்புக் குறைந்தது. ஏட்டில் இருந்ததை ஆய்வுக் களத்திற்குக் கொணர்ந்தாரே, அதுவன்றோ அறிவு! பின்னர் இந்திய அரசும் அதனை மருந்தென ஏற்றது.

ஆயினும், 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு உரைத்தது என்ன? 103 பேர், 56 நாள். போலி வில்லை உண்டவர்க்குத் தீய கொழுப்பு 5 விழுக்காடு குறைந்தது. குக்குலு உண்டவர்க்கோ 4 முதல் 5 விழுக்காடு ஏறியது! சிலர்க்குத் தோல் தடிப்பும் கண்டது. பூண்டின் நிலையும் அன்னதே. 2007-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 192 பேரைப் பகுத்துப் பச்சைப் பூண்டும், பூண்டு வில்லையும், போலி வில்லையும் ஆறு திங்கள் கொடுத்துப் பார்த்தனர். தீய கொழுப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பூண்டு நல்ல உணவே. ஆனால் அது கொழுப்புக்கு மருந்தன்று.

"அப்படியாயின் நிலைத்திணைகளால் பயனே இல்லையா?" என்பீர். உண்டு! பயறு, வாற்கோதுமை ஆகியவற்றின் கரையும் நார், பித்தநீரைப் பற்றி வெளியேற்றிக் கொழுப்பைத் தணிக்கின்றது. செடிகொடிகளில் உள்ள, கொழுப்பை ஒத்த ஒருவகைப் பொருளை நாளொன்றுக்கு 2 கிராம் உட்கொண்டால், குடல் கொழுப்பை ஏற்பது தடைப்பட்டுத் தீய கொழுப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு வரை குறையும். இவை அளந்து நிறுவப்பட்டவை. எனினும், மருத்துவர் தரும் வில்லை 30 விழுக்காட்டுக்கு மேலும் குறைக்க வல்லது. அவ்வில்லையின் தோற்றம் எது? சப்பானிய அறிஞர் எண்டோ அகிரா 1970-களில் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளன்றோ! அதுவும் இயற்கை ஈன்றதே. வேறுபாடு இயற்கை, செயற்கை என்பதில் இல்லை. ஆய்ந்தது, ஆயாதது என்பதில் உள்ளது.

நெஞ்சடைப்பினின்று பிழைத்தெழுந்த தந்தை ஒருவர், புட்டிக்காரன் பேச்சை நம்பி மருத்துவரின் வில்லையை வீசியெறிந்தால், அக்குடும்பத்தின் கண்ணீருக்கு யார் பொறுப்பு? விற்றவனா? "ஆய்வெல்லாம் அயலான் சூழ்ச்சி" என்று மேடையில் முழங்கியவனா? நோயையும் அதன் முதலையும் ஆய்ந்தறிந்த பின்னரே மருத்துவம் செய்யச் சொன்னவர் நம் வள்ளுவர். ஆய்வுக்கு அஞ்சுவோர் அவர் பெயரைச் சொல்லத் தகுதியற்றவர்!

எனவே அன்பர்களே! அடுத்த முறை புட்டியை நீட்டுவோனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரிடம் ஆய்ந்தாய்? எத்தனை நாள் ஆய்ந்தாய்? எவ்வளவு குறைந்தது? விடை இல்லையேல், காசும் கொடுக்க வேண்டா. உயிரும் கொடுக்க வேண்டா!