பாதிரியின் கடன்

சென்ற இதழில் முதல் உலகயுத்தக் கவிதைகளைப் பற்றி எழுதிய நண்பர், ஓவன், சஸூன், ரோஸன்பர்க் மூவருக்கும் தாராளமாகப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு, கடைசிப் பாராவில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். ராணுவப் பாதிரிகளும் அந்தக் காலத்தில் செய்யுள் கட்டினார்களாம். அவை விமர்சனத்துக்கு உரியவை அல்லவாம். ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடியின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. 'சிகரெட் பாதிரி' என்பதோடு சரி. இந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்கு ஆட்சேபணை.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கென்னடியின் செய்யுள்கள் நல்ல கவிதை என்று நான் வாதாடப் போவதில்லை. 1918-ல் வெளிவந்த 'ரஃப் ரைம்ஸ் ஆஃப் எ பாத்ரே' தொகுப்பைப் படித்திருக்கிறேன். சிப்பாயின் கொச்சைப் பேச்சு, அதை விடாமல் துரத்தும் சந்தம், இயைபுக்காக இழுத்துவரப்பட்ட சொற்கள். ஓவனுக்குப் பக்கத்தில் இதை வைக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க விமர்சகன் வேண்டாம், காது போதும். ஆனால் 'நல்ல கவிதை இல்லை' என்ற தீர்ப்போடு எழுந்து போய்விடுகிற விமர்சனம், தனக்குச் சங்கடமான ஒரு கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. கொலைக்குத் தன் சொல்லைக் கொடுத்தவன், திரும்பி வந்த பிறகு என்ன செய்கிறான் என்பது அந்தக் கேள்வி.

விஷயம் இதுதான். கென்னடி 1883-ல் லீட்ஸில் பிறந்தவர். வூஸ்டர் நகரில் ஏழைகள் நிறைந்த ஒரு பங்கில் குருவாக இருந்தவர். 1915 டிசம்பரில் ராணுவத்தில் சேர்ந்தார். யுத்தம் ஆரம்பித்தபோது பிரிட்டிஷ் ராணுவத்தில் 117 பாதிரிகள். முடிந்தபோது 3,000-க்கு மேல். ஆரம்பத்தில் ஆங்கிலிகன் பாதிரிகளுக்கு முன்னணி அகழிகள் வரை போக அனுமதி இல்லை. பின்னால் நின்று ஜபம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் என்று சிப்பாய்கள் அவர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள். ராபர்ட் கிரேவ்ஸ் தன் யுத்த நினைவுகளில் இந்த இளக்காரத்தை மிச்சம் வைக்காமல் கொட்டியிருக்கிறார்.

கென்னடி முதலில் ரூஆன் ரயில் நிலையத்தில் நின்றார். முன்னணிக்குப் போகிற வண்டிகளில் ஏறி இறங்கி, வுட்பைன் என்ற மலிவு சிகரெட்டையும் புதிய ஏற்பாட்டையும் கொடுத்துக்கொண்டே போனார். 'வுட்பைன் வில்லி' என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு அகழிகளுக்கும் போனார். சிப்பாய்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் பாதிரிக்கும் இடம் என்று ஐம்பது வயதைத் தாண்டிய ஹார்டி என்ற சக பாதிரிக்குச் சொன்னவர் இவர். ஹார்டி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, விக்டோரியா கிராஸ் வாங்கி, 1918 அக்டோபரில் காயம்பட்டு இறந்துபோனார். 1917 ஜூனில் மெஸீன் குன்றுச் சண்டையில் கென்னடி குண்டுமாரிக்கு நடுவே, குண்டுக் குழிகளில் கிடந்த காயம்பட்டவர்களைத் தேடிப் போனார். தன் தரப்பு, எதிரித் தரப்பு என்று பார்க்கவில்லை. அதற்காக மிலிட்டரி கிராஸ் கொடுத்தார்கள்.

பக்தர்கள் கதையை இத்துடன் முடித்துக்கொள்வார்கள். சிகரெட், வீரம், பதக்கம். ஆனால் நடுவில் இன்னொன்று இருக்கிறது. பயனெட் பயிற்சியின் மகிமையைச் சிப்பாய்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக, குத்துச்சண்டைக்காரர்களும் மல்யுத்தக்காரர்களும் அடங்கிய ஒரு கோஷ்டியோடு இவரையும் பயிற்சி முகாம்களுக்கு அனுப்பினார்கள். பாதிரி பேசுவார். கூட்டம் சிரிக்கும், கைதட்டும். அபாரமான பேச்சாளர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனித வயிற்றில் கத்தியைச் செருகும் கலைக்கு முன்னுரை சொன்னவர் ஒரு மதகுரு.

நண்பர் போற்றுகிற சஸூனும் ஓவனும் ஆயுதம் ஏந்தியவர்கள். இருவரும் இதே மிலிட்டரி கிராஸ் பெற்றவர்கள். அவர்கள் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் அவர்கள் உடம்பே நின்றது. பாதிரி ஆயுதம் தொடக் கூடாது. தொடப் போகிறவனின் தயக்கத்தைத் துடைத்துவிடுவது அவன் உத்தியோகம். ஆகவே, எழுதுகிறவர்களான நமக்கு ஓவனைவிட இந்த மோசமான செய்யுள்காரன்தான் கிட்டத்து உறவு. நம் கையிலும் ஆயுதம் கிடையாது. நம்மால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் அது சொல்லால்தான் நேரும்.

இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பதால், முன்பு நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் பாக்கிதாரர்களுக்கு நோட்டீஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நன்றாகவே எழுதினேன். மேனேஜர் பாராட்டினார். ஒருநாள் ஒரு வயசாளி அந்தக் கடிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, இதுல என்னன்னு போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று என்னிடமே நீட்டினார். படித்தேன். எழுதியவன் நான்தான் என்று சொல்லவில்லை. அன்று வரை என் நடையைப் பற்றி எனக்கிருந்த பெருமை, அதற்குப் பிறகு இல்லை.

கென்னடியின் பிற்கால வாழ்க்கையை இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். யுத்தம் முடிந்ததும் ஸ்தாபனம் அவரை அணைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அரசருக்கு மதகுருக்களில் ஒருவராக நியமனம் கிடைத்தது. 1922-ல் லண்டன் லொம்பார்ட் தெருவில் ஒரு கோயிலும் கொடுத்தார்கள். லொம்பார்ட் தெரு என்றால் வங்கிகளின் தெரு. அதே 1922-ல், லாயிட்ஸ் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த எலியட் 'வேஸ்ட் லாண்ட்' வெளியிட்டார். அந்தக் கவிதையில் மணி அடிக்கிற ஸெயின்ட் மேரி வுல்நாத் கோயில் இதே தெருவின் முனையில்தான் இருக்கிறது. கென்னடியின் கோயிலுக்குச் சில நிமிஷ நடை. அந்த மணியைப் பற்றி நம் வட்டாரத்தில் எத்தனை பேர் எழுதிவிட்டோம்! அதே தெருவில் இருந்த பாதிரியைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

அந்த வசதியான கோயிலில் அவர் உட்கார்ந்துவிடவில்லை. தொழிலாளர்களிடையே வேலை செய்த 'இண்டஸ்ட்ரியல் கிறிஸ்டியன் ஃபெலோஷிப்' அமைப்புக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சோஷலிஸம் பேசினார். யுத்தத்தை எதிர்த்தார். 1919-லேயே ஒரு புத்தகத்துக்குப் 'பொய்கள்' என்று தலைப்பு வைத்தார். அந்தப் பொய்களில் தன்னுடையது எத்தனை என்று அவர் எண்ணிப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம். எந்த வாயால் பயனெட்டைப் பரிந்துரைத்தாரோ, அதே வாயால், அதே மேடைத் திறமையால், ஏறக்குறைய பத்து வருஷம் கடனை அடைத்தார். சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. ஓய்வு எடுக்கவில்லை. 1929 மார்ச்சில், லெந்து காலத்துப் பிரசங்கத்துக்காக லிவர்பூல் போன இடத்தில், இன்ஃப்ளுயென்ஸாவில் இறந்துபோனார். வயது 45.

இவரை மகான் ஆக்குவது என் நோக்கமல்ல. அவருடைய இறையியலில் எனக்குச் சந்தேகம் உண்டு. சிம்மாசனத்தில் இருந்து ஆள்கிற கடவுளை அவர் அகழியில் உதறினார். சிப்பாயோடு சேர்ந்து வதைபடுகிற கடவுளைப் பிடித்துக்கொண்டார். உருக்கமான சித்திரம். ஆனால் கடவுளும் கூடவே வதைபடுகிறார் என்று சொல்லும்போது, அங்கே அனுப்பி வதைத்தவன் யார் என்ற கேள்வி நழுவிவிடுகிறது. அரசர் தந்த பதவியும் அவரிடம் இருந்தது. முழுசாக வெளியேறியவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

ஆனாலும் ஸ்தாபனம் அவரைச் சரியாகவே அடையாளம் கண்டுகொண்டது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவரை அடக்கம் செய்ய அதன் தலைமைக் குரு மறுத்துவிட்டார். சோஷலிஸ்ட் என்பதே காரணம் என்று சொல்லப்படுகிறது. பயனெட்டுக்காகப் பேசிய பாதிரிக்கு யாரும் கதவைச் சாத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வூஸ்டரில் பெருங்கூட்டம் கூடியது. பழைய சிப்பாய்களும் வேலையில்லாதவர்களும் வந்து சவப்பெட்டியின் மேல் வுட்பைன் பாக்கெட்டுகளை எறிந்தார்கள்.

நண்பருக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சஸூன் 1917-ல் யுத்தத்தை எதிர்த்து வெளியிட்ட அறிக்கையை அவர் புகழ்ந்திருக்கிறார். புகழட்டும். ஆனால் அறிக்கை ஒரு நாள் காரியம். தான் பேசியதற்குப் பத்து வருஷம் வட்டியோடு பதில் சொன்ன ஒருவனை 'சிகரெட் பாதிரி' என்று ஒதுக்க அவருக்கு எது தைரியம் கொடுத்தது? யாப்பும் படிமமும் சரியாக இருந்துவிட்டால், நாம் எழுதியதற்குப் பிறகு நம்மிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்ற எண்ணமா? அவர் பதில் எழுதினால் ஆசிரியர் இடம் தருவார் என்று நம்புகிறேன்.