உட்கார உத்தரவில்லை

ஊழியர் நலனைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பெரிய ஸ்தாபனங்களில் ஜூன் 21ஆம் தேதி யோகாசன வகுப்பு நடக்கிறது. சிப்பந்தியின் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை யாராவது ஒரு பிரசங்கியை அழைத்துவந்து, மனத்தை எப்படிச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது என்று ஊழியர்களுக்கு உபதேசம் செய்யச் சொல்கிறார்கள். 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று முதலாளி மேடையில் முழங்குகிறார். எல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஓரிடத்தில் ஊழியர் நலன் உண்மையிலேயே பேணப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்த அலங்காரங்கள் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத பிற்பகல் மூன்று மணிக்கு, அங்கே இருப்பவர்களில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்கும் பெண், கால் வலிக்கிறது என்று பயமில்லாமல் உட்கார முடியுமா?

நம் ஊர் ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். புடைவைப் பிரிவில் நமக்கு நாற்காலி உண்டு. குளிர்சாதன வசதி உண்டு. கேட்டால் காப்பிகூட வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்கிறாள். காலையில் கடை திறக்கும்போது நின்றவள், இரவு கடை சாத்தும்வரை நிற்கிறாள். திருநெல்வேலிப் பக்கமிருந்தோ தூத்துக்குடிப் பக்கமிருந்தோ பிழைப்புக்கு வந்து, கடைக்காரரே ஏற்பாடு செய்த விடுதியில் பத்துப் பேரோடு படுத்து எழுந்திருப்பவளாக இருக்கலாம். "அக்கா, இந்தக் கலரைப் பாருங்க" என்று ஐம்பதாவது புடைவையையும் அலுக்காமல் பிரித்துக் காட்டுகிறாள். நாம் ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனால் அத்தனையையும் மடித்து அடுக்குகிறாள். மடித்து முடித்த பிறகு? வேலை இல்லை. வேலை இல்லாவிட்டாலும் நிற்கிறாள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

உழைப்புக்காக நிற்பது வேறு. தறிக்காரர் உட்கார்ந்து நெய்கிறார். கொத்தனார் நின்று கட்டுகிறார். வேலையின் இயல்பு அப்படி. ஆனால் ஆளில்லாத கடையில், செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில் நிற்பது எந்த வேலையைச் சேர்ந்தது? அந்த நிற்றலால் ஒரு முழத் துணியாவது கூடுதலாக விற்கிறதா?

அது உடம்பை என்ன செய்கிறது என்பதற்கு வைத்திய சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. மணிக்கணக்காக நின்றால் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் பாதம் வீங்குகிறது. வருஷக்கணக்கில் நின்றால் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைக்கிறது. இடுப்பு விட்டுப்போகிறது. மாதவிலக்கு நாட்களிலும் இதே நிலைதான். போதாததற்கு, கழிப்பறை நாலு மாடி தள்ளி இருக்கிறது, அடிக்கடி போனால் மேற்பார்வையாளர் முறைக்கிறார் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றை வரவழைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். இருபது வயதில் தெரியாது. நாற்பது வயதில் உடம்பு கணக்குத் தீர்த்துக்கொள்ளும். அப்போது அவள் அந்தக் கடையில் இருக்கமாட்டாள். அந்தக் கணக்கு முதலாளியின் பேரேட்டில் ஏறாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த அநியாயமும் அல்ல. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே, கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் ஆசனமாவது போட வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நின்றே வேலை செய்ய வேண்டிய தொழிலாளிகளுக்கு உட்கார வசதி வேண்டும் என்று எழுதியது. கடைகளிலும் காரியாலயங்களிலும் போதிய ஆசனங்கள் வேண்டும், அவற்றில் உட்காரச் சந்தர்ப்பமும் தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1964இல் ஓர் உடன்படிக்கையே செய்தது. ஆனால் 1947இல் சென்னை மாகாணத்தில் பிறந்த கடைகள் சட்டம், கடை சுத்தமாக இருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அந்த வெளிச்சத்தில் நிற்பவளுக்கு ஒரு முக்காலி வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டது. எழுபத்து நாலு வருஷம் அதை யாரும் நினைவூட்டவில்லை.

நினைவூட்டியவர்கள் பக்கத்து மாநிலத்தில் இருந்தார்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்மணி, 'பெண்கூட்டு' என்று ஒரு சங்கம் கண்டார். அவர்கள் சொர்க்கத்தைக் கேட்கவில்லை. முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்கார உரிமை கேட்டார்கள். திருச்சூரில் கடைப் பெண்கள் சிலர் உட்காரும் உரிமைக்காக மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் திருத்தியது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கடையும் எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற ஆசனம் போட வேண்டும். வேலையின் நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். அதுதான் சட்டம்.

சட்டம் வந்தது, முக்காலியும் பல கடைகளுக்கு வந்தது. அதன்மேல் அட்டைப் பெட்டியை அடுக்கிவைத்திருக்கிறார்கள்! இன்னும் சில இடங்களில் காலியாகவே இருக்கிறது. "உட்காரக்கூடாது என்று நாங்கள் சொல்லவே இல்லையே!" என்கிறார் முதலாளி. வாஸ்தவம். அவர் சொல்லவில்லை. மேற்பார்வையாளரின் கண் சொல்கிறது. கூரையில் பொருத்திய காமிரா சொல்கிறது. உட்கார்ந்தவளுக்கு அடுத்த மாதம் விடுப்பு மறுக்கப்படுவது சொல்கிறது. ஒரு ஸ்தாபனத்தின் பண்பாடு என்பது சுவரில் மாட்டிய கொள்கைப் பலகை அல்ல. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே, அதுதான் அந்த இடத்தின் பண்பாடு.

முதலாளிகள் சொல்லும் சமாதானங்களையும் பார்த்துவிடுவோம். வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாம். யாருடைய மரபு இது? நம் பழைய பட்டுக் கடைகளில் வெள்ளை விரிப்பு விரித்த மெத்தையில் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவர்களும் எதிரே உட்காருவார்கள். நடுவில் பட்டு விரியும். அந்த மெத்தையில் உட்கார்ந்துதான் நம் பாட்டிமார் கூறைப்புடைவை எடுத்தார்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை. டாக்டர் உட்கார்ந்துகொண்டுதான் நாடி பார்க்கிறார். பாங்கியில் உட்கார்ந்துகொண்டுதான் பணம் எண்ணுகிறார்கள். ஜெர்மனியில் பலசரக்குக் கடையின் கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்தபடியே பில் போடுகிறார். அந்த நாட்டில் வியாபாரம் படுத்துவிடவில்லை.

"சின்னப் பெண்கள்தானே, பழகிவிடும்" என்பது இரண்டாவது சமாதானம். இதற்குப் பதில் சொல்லக் கூசுகிறது. பழகிவிடும் என்பதனால் ஒன்று நியாயமாகிவிடுமானால், உலகத்தில் எந்தக் கொடுமையையும் நாம் ஒழித்திருக்கவே வேண்டாம்.

உண்மையான காரணம் வேறு. உட்காருவது நம் சமூகத்தில் என்றைக்குமே வெறும் உட்காருவதாக இருந்ததில்லை. பண்ணையார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையாள் வாசலில் நிற்பான். அவனுக்கு அங்கே வேலை ஒன்றும் இராது. நிற்பதுதான் வேலை. தான் யார், எதிரே இருப்பவர் யார் என்பதை நின்று காட்டுவதுதான் வேலை. திண்ணைகள் போய்விட்டன. ஆனால் கண்ணாடியும் மின்விளக்கும் பொருத்திய ஐந்து மாடிக் கட்டிடத்துக்குள் அதே வாசலை நாம் திரும்பக் கட்டியிருக்கிறோம். கடைக்காரர் துணியை மட்டும் விற்கவில்லை. துணியோடு சேர்த்து அந்தப் பெண்ணின் பணிவையும் விற்கிறார். அதற்கு நாம் விலை கொடுக்கிறோம். அது இல்லாத கடை நமக்கு ரசிப்பதில்லை.

ஆகவே முதலாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. இரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்வைச் சொல்லும் 'அங்காடித் தெரு' என்ற படம் 2010இல் வந்தது. கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் தீபாவளிக்கு எங்கே போய்த் துணி எடுத்தார்கள்? அந்தத் தெருவுக்குத்தான். போனதில் தப்பில்லை. நாம் போகாவிட்டால் அந்தப் பெண்களின் பிழைப்புப் போய்விடும். ஆனால் போனவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள், "இந்தப் பெண்கள் உட்கார இடம் எங்கே?" என்று? உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, "கவனிக்க ஆளில்லை, இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள்" என்று கல்லாவில் புகார் சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

முதலாளிகளுக்கு ஒன்று சொல்வேன். யோகாசனம் இருக்கட்டும். ஒவ்வொரு பிரிவிலும் போதிய முக்காலி போடுங்கள். மேலே இருக்கும் பெட்டியை எடுங்கள். எல்லோரும் கேட்க நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆளில்லாதபோது உட்காருங்கள், உட்கார்ந்ததற்காக யாரையும் எவரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது." மேற்பார்வையாளரையும் அந்த முக்காலியில் உட்காரச் சொல்லுங்கள், அவர் காலும் கால்தான். கழிப்பறையைப் பக்கத்தில் கட்டுங்கள். குறையைச் சொன்னவளின் சீட்டைக் கிழிக்காதீர்கள். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, உங்கள் வாசலில் நிற்கும் விளம்பரப் பலகையின் செலவைவிடக் குறைவு.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒன்று. அடுத்த முகூர்த்தத்துக்குப் புடைவை எடுக்கப் போவீர்கள். முந்தானையைத் திருப்பிப் பார்ப்பீர்கள், ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பீர்கள், விலையைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுவீர்கள். அதே வாயால், "நீயும் உட்கார்ந்து காட்டம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் பயந்து மேற்பார்வையாளரைப் பார்ப்பாள். அப்போது நீங்களும் அவரைப் பாருங்கள். அவர் பதில் சொல்லும்வரை பார்வையை எடுக்காதீர்கள்.