கழிவெளியைக் கடந்து போகிறவர்கள்

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் பெருங்குடியில் நின்று பார்த்தால் அந்தப் புறப்பாட்டைக் காணலாம். மென்பொருள் அலுவலகங்களிலிருந்து நேராக இறங்கி வந்தவர்கள், வண்டியின் பின்னால் முக்காலிகளையும் லென்ஸ் பைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். அகும்பே, வால்பாறை, ஹம்பி. விடுமுறை நீண்டால் ஸ்பிதி, லடாக். திங்கட்கிழமை மதியத்துக்குள் படங்கள் வலையேறிவிடும். தலைப்பு பெரும்பாலும் 'தீண்டப்படாத நிலம்' என்பதாக இருக்கும். நானும் எட்டாண்டுகள் அந்த வண்டிகளில் போனவன். ஆகவே இதை வெளியாள் ஒருவனின் கண்டனமாக யாரும் கொள்ள வேண்டாம்.

பெங்களூருக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் பெருங்குடியைத் தாண்டியதும் துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலையில் திரும்புகிறார்கள். அந்தச் சாலை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. குப்பை நாற்றம் வருகிறது என்று கண்ணாடியை ஏற்றிக்கொள்வதுதான் வழக்கம். காட்டு நிலத்தைத் தேடி அறுநூறு கிலோமீட்டர் போகிறவர்கள், முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு காட்டு நிலத்தின் முதுகில் ஏறிப் போகிறார்கள். எஞ்சிய பயணம் முழுவதும் இதை மறந்திருப்பதற்காகத்தானோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

நம் நிலக்காட்சிப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? தனுஷ்கோடியை எடுத்துக்கொள்வோம். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவர், பின்னால் கடல், மேலே மேகம். சட்டகத்துக்கு இரண்டடி வெளியே சங்கு விற்கிற பெண் இருக்கிறாள், மீனவர் குடிசை இருக்கிறது, வலை காய்கிறது. அவை சட்டகத்துக்குள் வந்துவிட்டால் படம் 'கெட்டுவிடும்'. மனிதர்களை அப்புறப்படுத்திவிட்டு, கிடைத்ததற்கு வனப்பு என்று பெயரிடுகிறோம். தொல்காப்பியர் வகுத்த திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள்தான். ஆனால் உணவும் பறையும் தொழிலும் கருப்பொருளாக வந்து சேராத நிலம் எதுவும் அங்கே இல்லை. அந்த மரபில் வளர்ந்த நமக்கு ஆளில்லாத நிலமே அழகிய நிலம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து வந்தது என்று சொல்லலாம். 1861-இல் கார்ல்டன் வாட்கின்ஸ் யோசெமிட்டி பள்ளத்தாக்கை எடுத்த படங்கள், 1864-இல் அந்நிலத்தைப் பாதுகாக்கும் சட்டத்துக்குத் துணைநின்றன. நிழற்படத்தால் நிலத்தைக் காக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1851-இல், அப்பள்ளத்தாக்கின் பழங்குடி மக்கள்மீது ஆயுதப் படை ஏவப்பட்டது. படத்தின் வெறுமைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அமெரிக்கர்களே பிறகு இதிலிருந்து விலகினார்கள். 1975-இல் ராசெஸ்டர் நகரில் நடந்த 'நியூ டோபோகிராஃபிக்ஸ்' கண்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் முதலானோர் புறநகர் வீட்டு வரிசைகளையும் தொழிற்கூடங்களையும் நிலக்காட்சியாகவே முன்வைத்தார்கள். நாம் அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிட்டோம்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் இருந்தார். தானே பல பாகங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்ட கேமராவில் யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். காடுகளுக்குப் போனவர்தான். ஆனால் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதிய பத்தியில், வீட்டைச் சுற்றியிருந்த அணிலுக்கும் காக்கைக்கும் அதே கவனத்தைக் கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு லென்ஸின் விலையைப் பேசுகிறவர்களைப் பார்க்கையில் எரிச்சல் வருகிறது.

பள்ளிக்கரணைக்கு வருகிறேன். இவ்வகைச் சதுப்புக்குத் தமிழில் கழிவெளி என்று பெயர். அரசுக் கோப்புகளில் அது புறம்போக்கானது. 1980-களின் இறுதியிலிருந்து மாநகரத்தின் குப்பை பெருங்குடிக் கிடங்கில் கொட்டப்பட்டது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 8-ஆம் தேதியிட்டு 1,247 ஹெக்டேருக்குமேல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் புகைந்தது. உலக அங்கீகாரமும் புகையும் ஒரே மாதத்தில்! இத்தனைக்கும் நடுவே கூழைக்கடாக்கள் வருகின்றன, பூநாரைகள் வருகின்றன, சம்புப் புதர்களில் நீலத் தாழைக்கோழிகள் கூச்சலிடுகின்றன.

அறிவிக்கப்பட்ட இவ்விரு பரப்புகளுக்கும் இடையிலுள்ள நிலத்தில்தான் சண்டையே. எது சதுப்பு, எது பட்டா என்பது தரையில் இன்னும் தீராத வழக்கு. 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது.

இங்கே என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதிக் குடியிருப்பாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஓரிடத்தில் மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். முன்பு அங்கே தண்ணீர் நின்றதற்கு நிழற்படச் சான்று வேண்டும் என்றார். "நீங்கதான் வருஷா வருஷம் பறவை எடுக்க வருவீங்களே சார்" என்றார். வன்தட்டைத் திறந்து ஓரிரவு முழுக்கத் தேடினேன். நானூறுக்கு மேற்பட்ட படங்கள். எல்லாவற்றிலும் பறவை ஊசிமுனைத் துல்லியத்தோடு இருந்தது; பின்னணி பாலாடைபோலக் கலங்கியிருந்தது. மின்கோபுரம், கட்டடம், குப்பைமேடு என எதையெல்லாம் வைத்து இடத்தை அடையாளம் காணலாமோ அதையெல்லாம் நானே வெட்டி எறிந்திருந்தேன். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்ய?

பயணமே கூடாது என்றா சொல்கிறாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். போங்கள். ஆனால் இரவில் காட்டுச் சாலையில் ஓட்டிப்போவதைச் சாகசமாக எழுதாதீர்கள். விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் செத்ததால்தான் திம்பம் மலைப்பாதையில் 2022-இல் உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. போவதற்குமுன் ஒருநாள் அதிகாலையில் ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்துங்கள். பெரிய லென்ஸ் வேண்டாம். கோபுரமும் குப்பையும் கட்டடமும் உள்ளே வரட்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே மாதத்தில் நின்று எடுங்கள். தேதியை அழிக்காதீர்கள். அந்தப் படத்தை யாரும் பாராட்டமாட்டார்கள். போட்டியில் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

போன வாரம் ஸ்பிதிக்கு அழைத்த நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் துரைப்பாக்கம் முனையில் நிற்கிறேன், வாருங்கள் என்றேன். "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டார். பெருங்குடியில் பதினோராவது ஆண்டாக வேலை பார்க்கிறார் அவர்.