புறங்கைத் தேன்

'தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?' என்று நம்மவர்கள் பெருந்தன்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு நக்கினான் என்று கேட்கும் உரிமை தேனுக்கு உரியவனுக்கு உண்டா, இல்லையா? பிரிட்டனில் நடந்த ஒரு விவகாரத்தைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை அரிக்கிறது.

ஒரு காலத்தில் அங்கே நடமாட இயலாதவர்களுக்குச் சர்க்கார் இளநீல வர்ணத்தில் மூன்று சக்கர வண்டி கொடுத்தது. அதில் ஒரே ஓர் ஆசனம். கால் முடியாதவனுக்கும் மனைவி மக்கள் இருப்பார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை போலும்! 1977-இல் 'மோட்டபிலிட்டி' என்ற தர்ம ஸ்தாபனம் பிறந்தது. போக்குவரத்துக்கென்று சர்க்கார் தரும் உதவித்தொகையை ஊனமுற்றவர் அதற்கு விட்டுக்கொடுத்தால், பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு ஒரு கார் வாடகைக்குக் கிடைக்கும். இன்ஷூரன்ஸும் பழுதுபார்ப்பும் அதிலேயே அடக்கம். அருமையான ஏற்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை.

என் கோபமெல்லாம் காவல்காரர்கள் மேல்தான். உதவித்தொகை சர்க்காரிடமிருந்து நேரே திட்டத்துக்குப் போகிறது. வரிச் சலுகைகள் வேறு. போட்டிக்கு எதிர்க்கடை கிடையாது. அப்படியிருந்தும், பத்திரிகைகள் கூச்சல் போட்ட பிறகு, 2018-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் உள்ளே எட்டிப் பார்த்தது. கார்களை நடத்தும் கம்பெனியிடம் 262 கோடி பவுன் கையிருப்பு! 2008 முதல் திட்டமிடாமல் வந்து சேர்ந்த லாபம் மட்டும் 105 கோடி. தலைமை நிர்வாகிக்கு வருஷத்துக்குச் சுமார் 17 லட்சம் பவுன் ஊதியம். அதுபோக 22 லட்சம் ஊக்கத்தொகை. இவையெல்லாம் வெளிச்சத்துக்கு வந்த பிறகே அவர் விலகப்போவதாக அறிவிப்பு வந்தது.

லாபத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்வதில்லை என்று சமாதானம் சொன்னார்கள். வாஸ்தவம். ஆனால் லாபம் எப்படி வந்தது? திரும்பி வரும் பழைய கார்கள் இன்ன விலைக்குத்தான் போகும் என்று குறைத்து மதிப்பிட்டதால் வந்தது. அப்படி மதிப்பிட்டால் வாடகை கூடும். கூடிய வாடகை ஊனமுற்றவரின் உதவித்தொகையிலிருந்துதானே போகும்?

2025 நவம்பரில் கண்காணிப்பு திடீரென்று சுறுசுறுப்படைந்தது. எதன் மேல்? நொண்டுகிறவர் ஏறும் காரின் மேல்! பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற கார்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. உயர்ந்த கார் வேண்டுமென்றவர் அதற்கான மேல்பணத்தைத் தம் சட்டைப்பையிலிருந்துதான் கொடுத்துவந்தார். அந்த மேல்பணத்துக்கும் 2026 ஜூலை முதல் வரி என்று பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சக்கர நாற்காலியோடு ஏறும் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அந்த மட்டில் க்ஷேமம்!

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. வருஷந்தோறும் பார்லிமெண்டின் முன் அந்தக் கணக்கைப் பிரித்து வையுங்கள். காரில் போகிறவர்களையே கேள்வி கேட்க உட்காரவையுங்கள். முதலில் கல்லாப்பெட்டியைச் சோதனை போட்டுவிட்டு, அப்புறம் வாருங்கள், காரின் ஆசனம் மெத்தென்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்க!