கடிதம் வராத நாலு நாள்

சென்ற மாதம் திங்கள் முதல் வியாழன் வரை எனக்கு வாசகியர் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. ஈ-மெயில் பெட்டியைத் திறப்பேன், காலி, மூடுவேன். 'போன வாரம் எழுதியது அவ்வளவு மோசமா?' என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆசிரியரிடம் மூச்சு விடவில்லை. கடிதமே வராத பத்திக்கு ஒரு பக்கம் எதற்கு என்று அவர் நினைத்துவிட்டால்?

வியாழன் மத்தியானம் தொடர்கதை எழுதும் அம்மாள் டெலிபோன் செய்தார். "செவ்வாய்க்கிழமையே அத்தியாயத்தை அனுப்பிவிட்டேனே, படம் போட்டாயிற்றா?" என்றார். அத்தியாயத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை! அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. சமையல் பகுதி அம்மாளுக்கும் கடிதம் இல்லை. கேள்வி பதில்காரருக்கும் இல்லை. தமக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று ஒவ்வொருவரும் வெட்கப்பட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் காரியாலயத்துத் தபால் ஸர்வர், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். கடிதங்களை வாங்கிக் கொடுக்கும் புரோகிராமின் பெயர் போஸ்ட்ஃபிக்ஸ். அதைக் கவனித்துக்கொள்ளும் பெண் வந்தாள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போடுவாள் என்று நினைத்தேன். அவள் எதையும் அணைக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் முன்னாலேயே உட்கார்ந்து, அதன் 25-ஆம் நம்பர் வாசலைத் தட்டினாள். போர்ட் என்கிறார்களே, அதுதான். ஒரு தபால் ஸர்வர் இன்னொன்றுக்குக் கடிதம் கொண்டுவந்து கொடுக்கும் வாசல் அது. உடனே '220' என்று பதில் வந்தது. "வாருங்கள் என்று அர்த்தம், சார்" என்றாள். பிறகு என் மேஜைக்கு வந்து, என் கம்ப்யூட்டரிலிருந்து அதே வாசலைத் தட்டினாள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று கண் மூடித் திறப்பதற்குள் பதில்!

எனக்கு வயிறு கலங்கியது. அவளுக்கோ ஒரே சந்தோஷம். "மறுத்தது நல்லது சார். வீட்டில் ஆள் இருக்கிறது, அந்தக் கதவுதான் திறக்கவில்லை என்று தெரிகிறது. பதிலே சொல்லாமல் காக்க வைத்தால்தான் தொல்லை. நடுவில் யார் வழி மறிக்கிறார்கள் என்று தேட வேண்டும்."

எந்தக் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று கேட்க, 'எஸ்.எஸ்.' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 127.0.0.1 என்ற விலாசத்தில் மட்டும் திறந்திருப்பதாக அது சொல்லிற்று. எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் விலாசம் அது. நாலு நாளாக எங்கள் ஸர்வர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்! ஞாயிற்றுக்கிழமை புரோகிராமைப் புதுப்பித்தபோது அமைப்பில் ஒரு வரி மாறிவிட்டதாம். வரியைத் திருத்தினாள். இந்த வரிக்கு, 'மறுபடி படித்துக்கொள்' என்று சொன்னால் மட்டும் போதாதாம். போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிட்டுத் துவக்க வேண்டுமாம். அப்படியே செய்தாள். என் மேஜையிலும் '220' வந்தது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அன்றிரவு வீட்டிலிருந்து 25-ஐத் தட்டிப் பார்த்தேன். பதிலே இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஊஹூம்! பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். (என் சகதர்மிணி முறைத்ததை இங்கே எழுத வேண்டாம்.)

"வீட்டு இன்டர்நெட்டில் பல கம்பெனிகள் 25-ஐ வெளியே விடாது சார், குப்பைக் கடிதம் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து. வாசகியர் கடிதம் அவர்கள் ஸர்வரிலிருந்து வருகிறது. அதற்கு இந்தத் தடை இல்லை. நம் ஆட்கள் வீட்டிலிருந்து அனுப்புவதற்கு 587 இருக்கிறது. அதைத் தட்டுங்கள்" என்றாள் கொட்டாவிக்கு நடுவில். தட்டினேன். '220'!

நாலு நாள் கடிதங்கள் என்ன ஆயின என்கிறீர்களா? கதவு திறக்காவிட்டால் அனுப்பிய ஸர்வர் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாது. வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும். அநேகமாக அஞ்சு நாள் வரை. அதற்குப் பிறகுதான் எழுதியவருக்கே திருப்பி அனுப்பும். ஒரு நாள் மிச்சத்தில் பிழைத்தோம். இரவெல்லாம் கடிதங்கள் வந்து விழுந்தன. தொடர்கதை அத்தியாயம் இரண்டு தடவை வந்தது; அம்மாள் பதறிப்போய் மறுபடியும் அனுப்பியிருந்தார்.

எனக்கு 17 கடிதங்கள். அவற்றில் 14, போன பத்தியில் நான் தீபாவளியைப் பௌர்ணமியில் கொண்டாடியதைப் பற்றியவை. ஆசிரியர் அத்தனையையும் படித்தார். "அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டு எழுதும்" என்றார்.