பொறுத்துப் போ என்று சொல்லாதீர்கள்!

1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' கடற்படைத் தளத்தின் மாலுமிகள் உணவைத் தொட மறுத்தார்கள். உணவு மோசம் என்பது மட்டுமா காரணம்? கமாண்டர் கிங் என்ற வெள்ளை அதிகாரி அவர்களை நாக்கூசும் வார்த்தைகளால் ஏசினான். போராட்டக் குழுத் தலைவர் எம்.எஸ். கான், துணைத் தலைவர் மதன் சிங். இந்தப் பெயர்கள் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளையன் போனான். கப்பலில் ஏச்சு போகவில்லை. சரக்குக் கப்பல் வேலைக்கு நம் கோவைப் பிள்ளையை அனுப்பத் தாயின் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கொடுக்கிறோம். நடுக்கடலில் மேலதிகாரி மிரட்டும்போது அந்தக் கடன்தான் பிள்ளையின் வாயைக் கட்டுகிறது. போனில் அழுதால் நாமும், "பொறுத்துப் போப்பா" என்கிறோம்.

வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்குவதையே 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடுக்கிறது. 2015ல் இந்தியாவும் அதை ஏற்றது. கப்பலிலேயே புகார் செய்யலாம்; புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது.

வியாபாரிகளே, கோபிக்காதீர்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை. நம் கடைப் பையனை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்?

பிள்ளையை அனுப்புமுன் ஏஜெண்டுக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் உண்டா என்று பாருங்கள். ஏசிய நாள், நேரம், பார்த்த சாட்சி எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.