ஏக்கத்தை நம்பி எழுதலாமா?

வெளிநாட்டில் வாழ நேர்ந்த தமிழரிடம், அவருக்குக் கொஞ்சம் வாசிப்புப் பழக்கமும் இருந்துவிட்டால், யாராவது ஒரு நண்பர் எப்போதாவது இதைச் சொல்லியிருப்பார்: "மனசு கனக்கும்போது எழுதுங்கள், பாரம் இறங்கிவிடும்." நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் வார்த்தைதான். ஆனால் இந்த அறிவுரையால் எழுத்துக்கும் பெரிய நன்மை விளையவில்லை, எழுதுகிறவருக்கும் விளையவில்லை என்பது என் கட்சி. மன உறுதியைத் தரும் என்று நம்பி எழுத்திடம் போகிறோம். அதுவோ நம்மிடம் மிச்சமிருக்கும் உறுதியையும் செலவுக்குக் கேட்கிறது. அந்தச் செலவுக்கான கையிருப்பை வேறெங்கிருந்தோதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

எழுதினால் மனம் தேறும் என்பதற்கு விஞ்ஞானச் சான்றே உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம்மை மிகவும் பாதித்த துயரத்தைப் பற்றி எழுதவைத்தார்கள். நடந்ததையும் அதுபற்றித் தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. இந்தப் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எழுதி முடித்த அந்த வேளையில் அவர்கள் முன்னைவிட மனம் சோர்ந்திருந்தார்கள் என்ற மறுபாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 2006-இல் இத்தகைய 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயன் இருக்கிறது, ஆனால் சிறியது என்றே தெரியவந்தது. இன்னொன்றும் கண்டார்கள். எழுத எழுத, காரணத்தைத் தேடும் சொற்களும் 'இப்போது புரிகிறது' என்கிற வகைச் சொற்களும் யாருடைய பக்கங்களில் கூடிக்கொண்டு வந்தனவோ அவர்களே அதிகம் தேறினார்கள். முதல் நாள் எழுதியதையே நான்காம் நாளும் அதே தொனியில் எழுதியவர்களுக்கு அவ்வளவு நன்மை இல்லை.

நம்முடைய அயலக எழுத்தின் பெரும்பகுதி அந்த முதல் நாளிலேயே நின்றுபோயிருப்பதாக எனக்குப் படுகிறது. மார்கழிக் கோலம், அம்மா வைக்கும் ரசம், தேர்த்திருவிழா, ஆற்றுமணல். தீபாவளி நெருங்கினால் ஒரு கவிதை, பொங்கலுக்கு இன்னொன்று. இவற்றில் பொய் இல்லை, ஏக்கம் உண்மையானது. சிக்கல் என்னவென்றால், ஏக்கம் ஊரை அப்படியே உறையவைத்துவிடுகிறது. அந்த ஆற்றில் மணல் இல்லாமல் போய் வருடங்கள் ஆகின்றன. ஊரில் இருப்பவருக்கு அது தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும், கவிதைக்குத்தான் தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. வளைகுடா நகரமொன்றில் 'பெட் ஸ்பேஸ்' என்று கட்டிலளவு இடத்தை வாடகைக்குப் பிடித்து, முறைவைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, மலையாளியும் வங்கதேசத்தவரும் பாகிஸ்தானியும் சூழ வாழ்கிற ஒருவர் தாளை எடுத்தால் காவிரியைப் பற்றி எழுதுகிறார். மேல்கட்டிலில் படுத்திருப்பவர் வீட்டுக்குப் பேசும்போது ஏன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார் என்பது அவர் எழுத்துக்குள் வருவதே இல்லை. வசிக்கும் இடத்தை ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையாக நினைத்துவிட்டால் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கும்? (கணியன் பூங்குன்றனாரைத் துணைக்கு அழைக்காமல் இந்தக் கட்டுரையை முடிப்பதென்று உத்தேசம். இவ்விஷயம் பேசப்படும் இடங்களிலெல்லாம் அவர் போதுமான அளவு உழைத்துவிட்டார்.)

இரண்டு ஐரோப்பியர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இருவரும் எழுத்தாளர்கள். இரண்டாம் உலகப்போர் இருவரையும் தென் அமெரிக்காவின் பக்கத்துப் பக்கத்து நாடுகளில் கொண்டுபோய் விட்டது.

ஒருவர் ஸ்டெஃபான் ஸ்வைக். வியன்னாவில் பிறந்த யூதர், தம் காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக மொழிபெயர்க்கப்பட்டவர்களுள் ஒருவர். 1933-இல் நாஜிகள் எரித்த நூல்களில் அவருடையவையும் இருந்தன. 1934-இல் சால்ஸ்பர்க் வீட்டை விட்டு லண்டன் சென்றார், பிறகு நியூயார்க், கடைசியாக 1941 செப்டம்பரில் பிரேசிலின் பெட்ரோபொலிஸ் என்ற மலைநகரம். பணமுடை கிடையாது. பிரேசில் அவரைக் கொண்டாடி வரவேற்றது, அந்த நாட்டைப் பற்றி அவர் ஒரு புத்தகமும் எழுதினார். எழுத்து நின்றுபோகவும் இல்லை. தம் இளமைக்கால ஐரோப்பாவைப் பற்றிய நினைவு நூலை முடித்ததும், இன்றுவரை வாசிக்கப்படும் சதுரங்கக் குறுநாவலை எழுதியதும் அந்த வாழ்க்கையின் கடைசி மாதங்களில்தான். 1942 பிப்ரவரி 22 அன்று, 60 வயதில், மனைவி லோட்டேயுடன் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச்சென்ற குறிப்பில் பிரேசிலுக்கு நன்றி சொல்லியிருந்தார். தம் மொழியின் உலகம் மூழ்கிவிட்டது, வீடற்று அலைந்த ஆண்டுகளில் தம் வலு தீர்ந்துவிட்டது என்றும் சொல்லியிருந்தார்.

விசா வாங்கி, விமானம் ஏறி, சம்பளத்துக்கு வந்தவரை அவரோடு ஒப்பிடுவது தகாது. அவரைப் பலவீனர் என்று தீர்ப்புச் சொல்கிற தகுதியும் நமக்கு இல்லை. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு செய்தியைத்தான். எழுத்து அவருக்குக் கடைசிவரை கைகொடுத்தது, நன்றாகவே கைகொடுத்தது. ஆனால் அவரைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை அதனால் செய்ய முடியவில்லை.

மற்றவர் விடோல்ட் கோம்ப்ரோவிச். போலந்துக்காரர், 1904-இல் பிறந்தவர். ஒரு புதிய பயணிகள் கப்பலின் முதல் பயணத்துக்கு விருந்தினராக அழைக்கப்பட்டு 1939 ஆகஸ்டில் புவெனஸ் ஐரிஸில் வந்து இறங்கினார். சில வாரச் சுற்றுலா என்பதே திட்டம். இரண்டு வாரங்களுக்குள் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. கப்பல் கிளம்பியது, இவர் கரையிலேயே நின்றுவிட்டார். கையில் அற்பப் பணம், ஸ்பானிய மொழி தெரியாது, அந்த ஊரில் அவரை எழுத்தாளர் என்று அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சில வாரங்களுக்கு வந்தவர் 1963 வரை, ஏறத்தாழ 24 ஆண்டுகள், அங்கேயே இருந்தார்.

அந்த 24 ஆண்டுகளை அவர் எப்படிக் கடத்தினார் என்பதைப் பார்த்தால், வீரக்கதை எதுவும் கிடைக்காது. மலிவு விடுதிகள், கடன், பசி. கொரியென்டெஸ் சாலையில் இருந்த 'ரெக்ஸ்' என்ற காபிக்கடைக்குப் போய்ச் சதுரங்கம் ஆடுவார். அங்கே சேர்ந்த இளைஞர் கூட்டம்தான் அவருக்கு நாடு. போலந்தில் அவர் எழுதிய 'ஃபெர்டிடுர்க்கே' நாவலை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தது அந்தக் கூட்டம். கியூபாக்காரரான விர்ஹிலியோ பின்யேரா அதற்குத் தலைமை. கூட்டத்தாருக்குப் போலிஷ் தெரியாது, நாவலாசிரியருக்கு ஸ்பானிய மொழி அரைகுறை. அவர் தட்டுத்தடுமாறிச் சொல்வார், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சண்டைபோட்டுச் சொல் தேடுவார்கள். 1947-இல் நூல் வந்தது. பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. அதே ஆண்டின் இறுதியில் போலந்து வங்கி ஒன்றின் கிளையில் குமாஸ்தா வேலை கிடைத்தது, 1955 வரை அதில் இருந்தார். மேலதிகாரி பார்க்காத நேரத்தில் அலுவலக மேசையிலேயே 'டிரான்ஸ்-அட்லாண்டிக்' நாவலை எழுதினார். பாரிஸ் அருகிலிருந்து வெளிவந்த 'குல்தூரா' என்ற புலம்பெயர் போலிஷ் இதழ் அதை வெளியிட்டது, 1953 முதல் அவருடைய நாட்குறிப்புகளையும் தொடர்ந்து பிரசுரித்தது. உள்ளூர் போலிஷ்காரர்களுக்கு நாவல் பிடிக்கவில்லை, கோபப்பட்டார்கள். காரணம் எளிது. ஏங்கியழ வேண்டிய தாய்நாட்டை அவர் கிண்டல் செய்திருந்தார். அதுவும் 17-ஆம் நூற்றாண்டுப் பழைய போலிஷ் நடையில், அர்ஜென்டினாவைக் களமாக வைத்து.

ஸ்வைக்கிடம் இல்லாத எது இவரிடம் இருந்தது? திறமை என்று சொல்ல மாட்டேன். வயது இளமை என்பது ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவரைத் தாங்கியவை ஒரு குமாஸ்தா சம்பளமும், அவருடைய புகழ் என்னவென்றே தெரியாத அந்த ஊர்ப் பையன்கள் நாலைந்து பேரும், மாதம் தவறாமல் பக்கங்களை எதிர்பார்த்திருக்கும் தூரத்துப் பத்திரிகாசிரியர் ஒருவரும்தான் என்று நினைக்கிறேன். இவை மூன்றுமே எழுத்துக்கு வெளியே இருப்பவை. வங்கி வேலையை அவர் வெறுத்தார். வெறுத்துக்கொண்டே போனார். அந்த மேசை இல்லாவிட்டால் நாவலும் இல்லை. வெளிநாட்டில் அலுவலக வேலை தம் படைப்பைத் தின்றுவிட்டதாகச் சொல்லும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஸ்வைக் இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, ரியோவில் கேளிக்கைத் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த செய்தி வந்தது. அது அவரை மிகவும் உலுக்கியதாகச் சொல்கிறார்கள். அடுத்த மாதமே ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைந்தது. அந்தக் காட்சியோடுதான் நம்முடைய 'புயலிலே ஒரு தோணி' தொடங்குகிறது.

ப. சிங்காரம் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல் மெடானுக்கு வேலைக்குப் போனார். மனைவியையும் பிறந்த குழந்தையையும் அங்கேயே பறிகொடுத்தார். போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்பி, 'தினத்தந்தி'யின் மதுரைப் பதிப்பில் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாளாகவே நெடுங்காலம் வாழ்ந்து, 1997-இல் காலமானார். எழுதியவை இரண்டே நாவல்கள், 1959-இல் நூலான 'கடலுக்கு அப்பால்', பல ஆண்டுகள் காத்திருந்து 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'. இவ்வளவு இழப்பைச் சுமந்தவரின் நாவலில் சுயபுலம்பல் ஒரு பக்கம்கூட இல்லை என்பதை வாசித்தவர்கள் அறிவார்கள். அங்கே மதுரைத் தெருக்கள் மெடானில் இருப்பவனின் நினைவில் வருகின்றன. ஆனால் ஆசிரியரோ மதுரையில் உட்கார்ந்து மெடான் தெருக்களை எழுதிக்கொண்டிருக்கிறார். கடல்கடந்து போய் ஏங்கியது ஒரு ஊருக்காக என்றால், திரும்பிவந்த பிறகு தொலைந்துபோனது இன்னொரு ஊர். இரண்டையும் ஒரே கண்ணால், பரிகாசமும் சேர்த்துப் பார்க்க அவரால் முடிந்தது. இதற்கு அவர் மெடானில் இருந்த நாட்களில், கடைக்கணக்குக்கும் வட்டிக்கும் நடுவே, அந்த ஊரைக் கவனித்திருக்க வேண்டும். தெருப்பெயர், மதுக்கடை, சீனரும் மலாய்க்காரரும் டச்சுக்காரரும் பேசும் விதம் எல்லாம் அந்தக் கவனிப்பின் சேமிப்பு. அப்போதே அவர் ஊர் நினைவில் நாலு கவிதை எழுதி ஆறுதல் தேடியிருந்தால் இந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வெளிநாடு போனதும் எழுத்து நின்றுபோய்விட்டது, இனி வராது என்று அஞ்சுகிறவர்களுக்கு அ. முத்துலிங்கத்தின் நூற்பட்டியலைக் காட்டலாம். முதல் தொகுப்பான 'அக்கா' வெளிவந்தது 1964-இல். அடுத்த தொகுப்பு 'திகடசக்கரம்' 1995-இல். நடுவில் 31 ஆண்டுகள், அதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் பிற நாடுகளிலும் கணக்கும் நிர்வாகமும் பார்த்த உத்தியோக வாழ்க்கை. பின்னால் வந்த கதைகளில் சியரா லியோனும் பாகிஸ்தானும் கனடாவும் எத்தனை இயல்பாக வந்து உட்கார்கின்றன! அவர் அந்த ஆண்டுகளை வீணடித்தார் என்று யார் சொல்ல முடியும்?

பெட் ஸ்பேஸ் கட்டிலுக்கு வருகிறேன். வளைகுடாவில் தமிழர்களும் இருக்கிறார்கள், மலையாளிகளும் இருக்கிறார்கள். பென்யாமின் 1992-இல் பஹ்ரைனுக்கு வேலைக்குப் போனவர். 2013 வரை அங்கேதான் இருந்தார், எழுத வந்ததும் அங்கிருந்துதான். கேரளத்து மழையைப் பற்றியும் காயலைப் பற்றியும் எழுத அவருக்கும் ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கும். சவூதிப் பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் அடிமையாகக் கிடந்து தப்பிவந்த ஒருவரைப் பற்றி ஒரு நண்பர் சொல்லக் கேள்விப்பட்டார். தேடிப்போய்ச் சந்தித்தார். அவர் பேசத் தயங்கினார். பென்யாமின் விடாமல் மீண்டும் மீண்டும் போய் உட்கார்ந்து, அவர் என்ன சாப்பிட்டார், எங்கே தூங்கினார், தண்ணீருக்கு என்ன செய்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2008-இல் 'ஆடுஜீவிதம்' வந்தது. இப்போது அதைத் தமிழில் மொழிபெயர்ப்பாக வாசிக்கிறோம். நம் ஆட்களிடம் இதுபோல் கேட்கப்படாத கதை எத்தனை இருக்கும் என்று நினைத்தபடி.